மலையில் விழுங்கும் மாத்திரை கடலைச் சேரும் வழி

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில், ஜன்னல் ஓரத்தில் பாதி பிய்த்த மெட்பார்மின் அட்டை ஒன்று கிடப்பது பழகிய காட்சி. சர்க்கரை நோய்க்கான இந்த 500 மில்லிகிராம் மாத்திரையை நம் உடல் சிதைப்பதில்லை. குடல் உறிஞ்சிய பங்கு தன் வேலையை முடித்தபின் சிறுநீரில் உருமாறாமல் வெளியேறுகிறது, உறிஞ்சாத பங்கு மலத்தோடு போகிறது.

செப்டிக் டேங்கிலிருந்து கசிந்து ஓடையில் சேரும் நீர், குன்னூர் ஆற்றின் வழியே மேட்டுப்பாளையம் அருகே பவானியிலும், பிறகு கூடுதுறையில் காவிரியிலும் கலந்து, ஆற்றில் வெள்ளம் ஓடும் காலங்களில் பூம்புகார்க் கடல்வரை செல்கிறது. வழியில் வெயிலும் பாக்டீரியாக்களும் பல மருந்துகளைச் சிதைத்துவிடும். ஆனால் வலிப்பு நோய்க்கான கார்பமாசிபைன் போன்றவை சுத்திகரிப்பு நிலையத்தையே ஏறத்தாழ முழுமையாகக் கடந்துவிடுகின்றன.

அவ்வளவு பெரிய கடலில் இத்தனை சிறிய அளவு என்ன செய்துவிடும்? மருந்து பெரும்பாலும் சிறிதளவிலேயே உயிரணுவிலுள்ள ஏற்பி என்னும் குறிப்பிட்ட புரதத்தைப் பற்றுவதற்காக ஆக்கப்பட்டது; அத்தகைய ஏற்பிகள் பல மீன்களுக்கும் உண்டு. கனடாவின் ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் 2001 முதல் மூன்று ஆண்டுகள் கலந்து பார்த்தபோது, ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்கான புரதம் சுரந்தது; ஒரு சிறுமீன் இனம் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. ஓர் உயிருக்கு மருந்து இன்னோர் உயிருக்கு நஞ்சு என்பதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்லோபினாக் என்னும் வலி மருந்து, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்ததால், 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. தப்பிய பாறுகளில் ஒரு கூட்டம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டுகிறது.

கடல்நீருக்கென்று தனிக் குணமும் உண்டு. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நன்னீருக்கு 7 என்றால் கடல்நீருடையது ஏறத்தாழ 8. மனச்சோர்வுக்கான ப்ளூவாக்சிடின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகளில், பிஎச் இப்படி ஒரு படி ஏறும்போது மின்னேற்றமற்ற மூலக்கூறுகளின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கொழுப்பில் கரைந்து மீனின் செவுள் சவ்வை எளிதாகக் கடப்பவை அவைதான். பாக்டீரியாக்களைக் கொல்லவோ தடுக்கவோ தரும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கு நேர்வது வேறு: கடலின் மக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் பிணைந்து அவை வீரியம் குறைகின்றன.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது தீர்வாகாது, நோயாளிக்கு அது உயிர். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் தேர்ந்தெடுத்த சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனையோ கரித்தூளையோ கொண்டு மருந்து எச்சங்களை நீக்கச் சட்டம் வகைசெய்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், கடலில் நேற்றைய மருந்து சிதைந்து முடியுமுன்பே லைன் வீட்டு அட்டையிலிருந்து இன்றைய மாத்திரை பிய்க்கப்பட்டிருக்கும்.