இறக்கத்தில் பெடல் ஏன் உள்ளே போகிறது?

திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்கும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும், பழைய ஜீப்பின் பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பிக்கும், கூடவே லைனிங் கருகும் வாடை வரும். ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பாகம், லைனிங் அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், பல நேரம் காரணம் சூடுதான்.

கணக்குப் பாருங்கள். ஒன்றரை டன் வண்டி 800 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 1.2 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கரண்ட் பில் கணக்கில் மூன்று யூனிட்டுக்கு மேல். இஞ்சினும் டயரும் காற்றும் தின்றது போக மீதியெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. (டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இஞ்சினின் பங்கையும் பிரேக் தலையில் கட்டுகிறார்கள்.) சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், அந்த இடைவெளிக்காகத்தான் பெடல் கூடுதலாகப் போகிறது. லைனிங்கும் ரொம்பச் சுட்டால் பிடியை விட்டுவிடும். சுற்றும் தட்டை இருபுறமும் பேட் கவ்வும் டிஸ்க் பிரேக்கில் இந்த விலகல் கிடையாது, காற்றும் நேராகப் படுவதால் சீக்கிரம் ஆறும்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 (DOT 3) ரக ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் ஆவிக்குமிழ் வரும், நீங்கள் மிதிக்கிற பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய் பெடல் தரையில் உட்கார்ந்துவிடும்.

அதனால் டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் மாட்டும் கிட்டுக்குக் காசு எடுக்கும் முன் ஆயிலை முழுசாக மாற்றி லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள் (ஏர் எடுப்பது), ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரையும் ஹோஸையும் பாருங்கள். டிரம் ஓவல் ஆகியிருந்தால் கடைந்துகொள்ளலாம், கோயமுத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? ஆனால் அதற்கென்று உள்ள அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ரொம்பப் பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர்தான் (மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) என் கணக்கில் முதல் செலவு.

முன்னால் டிஸ்க் போட்டாலும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட முடியாது. டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதிக ஆயில் கேட்கும். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் சிறிது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும், அதை விட்டுவைத்தால் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும். மாட்டி முடித்ததும் ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் அழுத்திப் பாருங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுற்றிவிடும், அதைச் சரிசெய்யாமல் மலைப்பக்கம் போக வேண்டாம்.