கன்சர்வேட்டிவ் என்றால் பழமைவாதியா?

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அமெரிக்கப் பழமைவாதிகளுக்குள் பிளவு" என்று கீழே எழுத்து ஓடுகிறது. மேலே காட்டுவது ஃபீனிக்ஸ் நகரத்தில் நடந்த மாநாடு, அரங்கம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். நடுவில், மாநாட்டை நடத்திய அமைப்பைத் தொடங்கி இறந்துபோன சார்லி கிர்க்கின் புகைப்படத்தையும் காட்டினார்கள். அம்மா கையில் எடுத்த தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்: "பழமைவாதிங்கறான், எல்லாம் மீசை முளைக்காத பசங்களா இருக்கு. இதுல யாருடா பழமை?"

பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதுவும் 'பழமைவாதி' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டுப் பேசிய பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. செய்தியை விளக்க வந்த சொல்லே செய்திக்குக் குறுக்கே நிற்கிறதென்றால் கோளாறு கேட்பவரிடம் இல்லை. மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தச் சொல்லோடு பல வருஷமாக மல்லுக்கட்டி வருகிறேன். அன்றைக்கு எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

முதலில், நாம் பழமைவாதி என்று தமிழாக்குகிற 'கன்சர்வேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பை முடித்துவிடலாம். லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல். முன்னால் 'கான்' சேர்ந்து 'கான்செர்வாரே' ஆனால் கெடாமல் காத்தல், பேணிவைத்தல். அரசியலுக்குள் இந்தச் சொல் நுழைந்தது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு. 1818இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோப்ரியான் தொடங்கிய இதழின் பெயரே 'காப்பவர்' என்ற பொருளில் அமைந்தது. 1830இல் பிரிட்டனில் ஒரு காலாண்டிதழ்க் கட்டுரை டோரிகள் என்ற அரசியல் அணிக்கு இந்தப் பெயர் பொருத்தம் என்றது. 1834இல் டோரிகளின் தலைவர் ராபர்ட் பீல் டாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு அறிக்கை விட்ட காலத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த அறிக்கையிலேயே, நிரூபணமான முறைகேடுகளைத் திருத்துவோம், உண்மையான குறைகளைத் தீர்ப்போம் என்றுதான் பீல் சொல்கிறார். அவருக்கு முன்பே 1790இல் பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. மாறுவதே காப்பதற்காகத்தான் என்கிற ஆள் இந்தக் கொள்கையின் மூலபுருஷர். அவரைப் போய் நாம் பழமைவாதி என்கிறோம்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பழமை என்றால் நாள்பட்டது. வாதி என்றால் அதற்காக வாதாடுபவர். ஆகப் பழமைவாதி, பழசு என்பதாலேயே ஒன்றைச் சரி என்று வாதாடுபவர். அப்படி ஒருவரும் வாதாடுவதில்லை. குடும்பம், தேவாலயம், சந்தை, அரசமைப்புச் சட்டம் என்று அவர்கள் காக்க நினைப்பதற்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணங்கள் உங்களுக்கும் எனக்கும் ஒப்பாமல் போகலாம், அது வேறு பேச்சு. அமெரிக்காவில் இது இன்னும் விசித்திரமாகிவிடும். அங்கே கன்சர்வேட்டிவ்கள் காக்க வேண்டும் என்பது 1776இல் மன்னராட்சியை உதறிய புரட்சியின் விளைச்சலை. புரட்சி பெற்ற பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பவரைப் பழமைவாதி என்றால் எந்தப் பழமைக்கு என்று கேட்கத்தானே தோன்றும்?

'வாதி'யிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நீதிமன்றத்தில் வாதி, பிரதிவாதி என்று ஒழுங்காக இருந்த சொல் இன்று பயங்கரவாதி, தீவிரவாதி, அடிப்படைவாதி என்று வால்போலத் தொங்குகிறது. அந்த வரிசையில் பழமைவாதியும் வந்து நின்றால் படிக்கிறவர் மனத்தில் தீர்ப்பு முதல் சொல்லிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பெயர் என்பது அதைச் சுமப்பவர் கேட்டால் திரும்பிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வசையைக் கட்டுரையின் உள்ளே தாராளமாக வையுங்கள், பெயரில் வைக்காதீர்கள்.

இதே லத்தீன் சொல்லை நம் அறிவியல் பாடநூல்காரர்கள் எவ்வளவு அழகாகக் கையாண்டிருக்கிறார்கள் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடத்தில் 'உந்த அழிவின்மை விதி' என்று படித்தோம். இலங்கையில் 'உந்தக் காப்பு விதி' என்று படிக்கிறார்கள். காப்பு! செர்வாரேயின் நெஞ்சில் கைவைத்து எடுத்த சொல். இயற்பியல் வாத்தியார்களுக்கு எட்டியது செய்தி மேசைக்கு எட்டவில்லை.

சரி, 'வலதுசாரி' என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். வலசாரி, இடசாரி என்பவை குதிரையும் தேரும் வலமாகவும் இடமாகவும் சுற்றிவருவதைச் சொன்ன சொற்கள், அழகான சொற்கள்தான். ஆனால் அரசியல் வலது இடது என்பது 1789இல் பிரெஞ்சு மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது. உட்கார்ந்த இடத்தைச் சொல்லும், கொண்ட கொள்கையைச் சொல்லாது. மன்னராட்சி வேண்டுமென்பவரும் அந்தப் பக்கம்தான், அரசே வரி வாங்கக்கூடாது என்பவரும் அந்தப் பக்கம்தான், இனவெறியரும் அந்தப் பக்கம்தான். எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால், இப்போது அங்கே நடக்கிற சண்டையை எந்தச் சொல்லை வைத்து எழுதுவீர்கள்?

அந்தச் சண்டைக்கு வருகிறேன். சார்லி கிர்க் 2012இல் பதினெட்டு வயதில் 'டர்னிங் பாயின்ட்' அமைப்பைத் தொடங்கினார். கட்சிப் பதவி எதிலும் இல்லை, தேர்தலில் நிற்கவில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய் மேசை போட்டு உட்கார்ந்து, நான் சொல்வது தவறென்றால் வந்து நிரூபியுங்கள் என்று மாணவர்களைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. 2025 செப்டம்பர் 10ஆம் தேதி யூட்டா மாநிலத்தின் ஓரம் நகரில், யூட்டா வேலி பல்கலைக்கழக வளாகத்தில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. மனைவி எரிக்கா அமைப்பின் பொறுப்பை ஏற்றார். செப்டம்பர் 21ஆம் தேதி அரிசோனாவின் கிளெண்டேல் அரங்கத்தில் நடந்த அஞ்சலியில், சுட்ட ஆளை மன்னிக்கிறேன் என்று அவர் சொன்னபோது அந்தக் கூட்டம் ஒரே குடும்பம்போல இருந்தது. எழவு வீட்டில் பங்காளிகள் ஒன்றாகத்தான் உட்காருவார்கள்.

மூன்று மாதம்கூட ஒற்றுமை நிற்கவில்லை. நிக் ஃபுவென்டெஸ் என்ற வெள்ளையினத் தேசியவாதி, யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசுகிறவர். அவரை அக்டோபரில், தொலைக்காட்சியில் பேர்பெற்ற டக்கர் கார்ல்சன் தன் நிகழ்ச்சிக்கு அழைத்து இதமாகப் பேட்டி எடுத்தார். 1973 முதல் இந்த இயக்கத்தின் மூளையாக இருந்துவரும் ஆய்வு நிறுவனமான ஹெரிட்டேஜ் பவுண்டேஷனின் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் கார்ல்சனுக்கு ஆதரவாகக் காணொளி வெளியிட, அங்கேயே விரிசல் விழுந்தது, அறங்காவலர் குழுவிலிருந்து விலகியவரும் உண்டு. டிசம்பரில் ஃபீனிக்ஸில், கிர்க் இல்லாமல் நடந்த டர்னிங் பாயின்ட்டின் முதல் மாநாட்டின் தொடக்க இரவிலேயே, இயக்கத்தின் இன்னொரு பிரபல பேச்சாளர் பென் ஷபிரோ மேடையேறி, கொள்கை பேசிக்கொண்டு வரும் போலிகளால் இயக்கத்துக்கு ஆபத்து என்று கார்ல்சனைப் பேர் சொல்லிக் குற்றம்சாட்டினார். அதே இரவு அதே மேடையில் கார்ல்சன், சார்லி கிர்க் பேரில் நடக்கும் கூட்டத்தில் ஆளை வாயடைக்கச் சொல்கிறார்களே என்று பதில் கொடுத்தார். கடைசி நாளில் துணை அதிபர் வான்ஸ் வந்து, நம் ஆட்களுக்கே தூய்மைச் சோதனை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார்.

இதை இப்போது 'பழமைவாதிகளுக்குள் பிளவு' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு என்ன புரியும்? பழசைப் பிடித்துத் தொங்குகிற இரண்டு பேர் எது அதிகப் பழசு என்று சண்டை போடுகிறார்கள் என்று புரியும். உண்மையில் அந்தச் சண்டை, எதைப் பேணுவது, பேணுவதற்காக யாரையெல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்பது. ஒருவர் வாசற்கதவைச் சாத்து என்கிறார், ஒருவர் திறந்து வை என்கிறார். இது புதிதும் இல்லை. 1955இல் நேஷனல் ரெவ்யூ இதழைத் தொடங்கிய வில்லியம் பக்லி, சந்தைக்காரர்களையும் சமயக்காரர்களையும் கம்யூனிச எதிர்ப்பாளர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார், கூடவே 1962இல், தீவிர கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பர்ச் சங்கத்தின் தலைவருடைய சதிக்கதைகளுக்கு இங்கே இடமில்லை என்று எழுதினார். 2008இல் அவர் காலமானார். அப்படி வாசலில் நிற்கிற பெரியவர் அதற்குப் பிறகு அங்கே அமையவில்லை என்பது என் எண்ணம். கிர்க் இறந்த பிறகு பந்தியும் கலைகிறது.

ஆகவே எனக்கு வேண்டியது 'பேணு' என்ற வினை. குறளில் "தற்கொண்டாற் பேணி" என்று வரும் அதே பேணு. வெறுமனே பூட்டிவைப்பது பேணுவதாகாது, கவனித்து, பழுது பார்த்து, கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் பேணுவது. கன்சர்வேட்டிவ் இயக்கத்தை 'மரபு பேணும் இயக்கம்' என்று எழுதலாம், ஆட்களை 'மரபு பேணுவோர்' என்றோ, ஓட்டுநர் இயக்குநர்போல 'மரபுபேணுநர்' என்றோ சொல்லலாம், கொள்கைக்கு 'மரபுபேணல்'. இந்தச் சொல்லை வைத்து அம்மாவிடம் அன்று மறுபடி சொன்னபோது உடனே கேட்டார், "எந்த மரபைடா? அதுலதான் சண்டையா?" அதேதான். பேணு என்று சொன்னால் எதை என்ற கேள்வி பின்னாலேயே வரும். பழமைவாதி என்றால் வராது, அந்தச் சொல் தானே பதிலையும் சொல்லிவிடுகிறது.

மறுப்புகளும் வந்திருக்கின்றன. மரபு என்றால் உயர்வாகத் தொனிக்கிறதே, அவர்களுக்கு நாம் சாமரம் வீச வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டார். மரபு எல்லாம் நல்லதென்று தமிழ் எங்கே சொன்னது? "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல" என்று இலக்கணம் எழுதிய பவணந்தியே மரபுக்கும் இலக்கணம் சொன்னார், பெரியவர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படிச் சொல்வது என்று. வழிவழியாக வந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். ஆர்த்தடாக்ஸ் சபைகளை 'மரபுவழி' என்கிறோமே, குழம்பாதா என்றும் கேட்கிறார்கள். மரபுவழி வேறு, மரபு பேணும் வேறு, வினை அதைப் பிரித்துக் காட்டுகிறது. 'மரபுவாதி' என்று சுருக்கலாமே என்பவர்களிடம் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். மறுபடி அதே வாதி. தவிர, அந்தச் சொல் இந்த இயக்கத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு பிரிவுக்கு, சமய மரபையே அடித்தளமாகக் கொண்டவர்களுக்குத் தேவைப்படும். அதை மொத்தப் பேருக்கும் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவர்களுக்கு வேறு சொல் தேட வேண்டும்.

கோபமெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற பழக்கத்தின் மேல்தான். ஒரு இதழுக்கு 'மரபு பேணும்' என்று எழுதி அனுப்பினேன், அச்சில் எட்டு இடத்திலும் 'பழமைவாத' என்று மாறியிருந்தது. கேட்டால் 'எல்லாரும் அப்படித்தான் சார் எழுதுறாங்க' என்றார்கள். எல்லாரும் எழுதியதால் வந்த வினையைக் கேளுங்கள்: முழங்கால் வலிக்காக அம்மாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன், அங்கே கொடுத்த தமிழ்த் தாளில் 'முதலில் பழமைவாத சிகிச்சை அளிக்கப்படும்' என்று இருந்தது. அறுவை இல்லாமல் மாத்திரை, பயிற்சி என்று பார்ப்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அம்மா நாட்டு வைத்தியம் என்று நினைத்துவிட்டார். 'அறுவை இல்லாத சிகிச்சை' என்று எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்? 'பழமைவாத மதிப்பீட்டின்படி இழப்பு நூறு கோடி' என்றும் பார்த்துவிட்டேன். 'குறைத்துக் கணக்குப் போட்டாலும் நூறு கோடி' என்று நம் ஊர்ச் சந்தையில் யாரும் சொல்வார்கள். ஒரே சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று தமிழ் வேண்டியிருக்கிறது, அதைப் பார்த்து எழுதத்தான் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

பெயர்ச்சொல்லாக வருமிடத்தில் மட்டும் தொடாதீர்கள். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியாகவே இருக்கட்டும், அது பெயர்ப்பலகை. அப்புறம் 'நியோகன்சர்வேட்டிவ்' என்று ஒரு கூட்டம் உண்டு, இராக் போர்க் காலத்தில் நிறைய அடிபட்ட பெயர். அதை 'நவபழமைவாதி' என்று எழுதுகிறார்கள், புதிய பழசு. அவர்களுக்கு நேர் எதிரே, வெளிநாட்டுப் போரும் வேண்டாம் குடியேற்றமும் வேண்டாம் என்கிற 'பேலியோ' பிரிவு, கார்ல்சன் பக்கம் சாய்வது. அதற்கு 'தொல்பழமைவாதி' என்று ஒரு மெய்ப்பில் பார்த்தேன், பழசுக்கும் பழசு. 'புதுமரபு பேணுவோர்', 'தொன்மரபு பேணுவோர்' என்று அந்த மெய்ப்பில் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இதழ் இன்னும் வெளிவரவில்லை.