ஃபேஷன் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

லீவில் பாம்பன் வந்திருக்கிறேன். நேற்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திருப்பூரில் பெரிய ஃபேஷன் கம்பெனி, ஹெட் ஆபீஸில் டிசைனர் வேலை என்று சொன்ன ஏஜெண்டிடம் 40,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அடுப்பெரியவே கடன் வாங்கும் வீட்டில், தோட்டை அடகு வைத்துக் கட்டிய பணம். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு ஆபீஸே இல்லை. பிள்ளையின் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அந்த ஆள் கையில். இந்த வருஷம் என்னிடம் வந்த மூன்றாவது வீடு இது. மனசு ஆறவில்லை.

நான் ஒன்பது வருஷமாக ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும் வரை பின்னாலேயே நிற்கிற ஆள். ஃபேஷன் ஆபீஸ் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து உடை வரைவது என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. எங்கள் மாடியில் அறுபது பேர், வரைகிறவர்கள் நான்கே பேர். அவர்களும் பாதி நாள் பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற கம்பெனி, அனுப்பிய படத்தில் கழுத்தைக் கால் அங்குலம் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு எக்ஸெல்தான்: ஒரு உடைக்கு என்ன செலவாகும் என்ற காஸ்டிங், துணி எப்போது வரும், ஜிப் எங்கே நிற்கிறது, சாம்பிளுக்குப் பையர் என்ன கமெண்ட் போட்டார், கப்பல் தேதி தப்பினால் விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில். வரையத் தெரியாத பி.காம். பிள்ளைகள் இதில் நன்றாக வந்திருக்கிறார்கள். மூன்று மாத டிசைனிங் டிப்ளமோ இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பது பொய், அதை வைத்து நேராக டிசைனர் ஆகலாம் என்பது அதைவிடப் பெரிய பொய்.

எங்கள் வேலையில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நீலத் துணிக்குச் சாயப்பட்டறையிலிருந்து உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் வரும், லேப் டிப் என்போம். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் டி65 விளக்கில், அதாவது பகல் வெளிச்சத்தில், பையர் கேட்ட நிறத்தோடு அப்படியே ஒட்டும். கடை வெளிச்சத்துக்கென்று வைத்திருக்கும் டிஎல்84 விளக்கைப் போட்டால் லேசாகச் சிவப்படிக்கும். திருப்பி அனுப்பு, மறுபடி பார், மறுபடி அனுப்பு. இதற்குக் கண் வேண்டும். தண்ணீர் நிறத்தைப் பார்த்து மீன்பாடு சொல்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கண் இருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், ஏமாறாதீர்கள். வேலை தருகிறவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான். டெபாசிட், டிரெயினிங், யூனிஃபார்ம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் ஜிமெயிலில் வந்தால் அந்தக் கம்பெனியின் ஆபீஸுக்கே போன் போட்டுக் கேளுங்கள். சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று போட்டிருக்கும் தொகை அப்படியே கைக்கு வராது, அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்கே போகும், அது போகிறதா என்று யுஏஎன் என்கிற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கிப் பாருங்கள். ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட் கல்லூரியில் நேராக சீட் வாங்கித் தருகிறேன் என்றும் ஒருவர் சுற்றுகிறாராம். அது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனம், சென்னை தரமணியிலும் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும்.

அப்பாமார்களே, படகு வாங்கும்போது பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கிறீர்கள். பெண்ணை அனுப்பும் இடத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கக் கூடாதா?

அண்ணனிடம் ஜிபேயில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகிறோம். முதலில் மார்க்‌ஷீட் கைக்கு வர வேண்டும், கல்லூரியில் சேர அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.