ஆபரேஷன் நடுவே வரும் அவசர ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

"கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், பதில் வந்ததும் மேற்கொண்டு பார்ப்போம்" என்று சர்ஜன் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போவார். ஆளை மயக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அப்படி என்ன டெஸ்ட் என்று தாராவியிலிருந்தும் சயனிலிருந்தும் வரும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்பார்கள். மும்பையில் பத்தாலஜிஸ்டாக, அதாவது சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டராக இருக்கும் என்னைப் போன்றவர்கள் செய்வதுதான் அது.

கட்டி, சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடாமல் அப்படியே எங்களிடம் வரும். சந்தேகமான இடத்தை வெட்டி, ஜெல் ஊற்றி, மைனஸ் 20 டிகிரி அளவில் உறைய வைத்து, 5 மைக்ரான் பருமனில் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். ஃப்ரோசன் செக்‌ஷன் என்போம், சுமார் 20 நிமிட வேலை. இதில் நுரையீரல் ரொம்பப் படுத்தும், காற்று நிறைந்த சதை என்பதால் சீவும்போது கிழியும், காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொண்டால் நல்ல செல்லே பார்வைக்குக் கெட்டதாகத் தெரியும். போதாததற்கு நம் நாட்டில் டிபி வேறு. ஸ்கேனில் அச்சு அசல் கேன்சர் மாதிரி இருந்த கட்டியை வெட்டினால் உள்ளே தயிர்க்கட்டி போல உதிரும். அப்போது தியேட்டருக்குப் போன் போட்டு, மீதித் துண்டை ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், டிபி கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) வேண்டும் என்று சொல்வோம், ஏனென்றால் ஃபார்மலினில் கிருமி செத்துவிடும்.

சரி, இவ்வளவு அவசரம் எதற்கு? எவ்வளவு வெட்டுவது என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நுரையீரலின் ஓரப்பகுதியில் 2 செ.மீ.க்கு மிகாத கேன்சர் கட்டி இருந்தவர்களில், மடல் (நுரையீரலின் பெரிய பிரிவு) முழுவதையும் எடுத்தவர்கள் 91.1 சதவீதமும், அந்த மடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்கள் 94.3 சதவீதமும் 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். ஆனால் நோய் அதே பக்கத்தில் திரும்பியது பகுதி எடுத்தவர்களிடம்தான் அதிகம். அதனால் வெட்டிய விளிம்பில் நோய் இல்லை, நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களிலும் இல்லை என்று உறுதியானால்தான் சர்ஜன் குறைவாக வெட்டிவிட்டு நிறுத்த முடியும்.

இப்போது கான்ஃபோகல் என்ற லேசர் மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறது. துண்டைச் சாயத்தில் கொஞ்ச நேரம் முக்கிக் கண்ணாடியில் வைத்தால், உறைய வைக்காமல், சீவாமல், சில நிமிடங்களில் எங்களுக்குப் பழகிய ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் திரையில் படம் வந்துவிடும். மேல்பரப்பை ஒட்டித்தான் தெரியும் என்பது ஒரு குறை. எனக்குப் பிடித்தது வேகம் இல்லை, துண்டு வீணாகாமல் மிஞ்சுகிறதே, அதுதான். பிறகு ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு டெஸ்டுக்கு அந்தச் சதைதான் வேண்டும். இருந்தாலும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஃப்ரோசன்தான்.

எந்த மெஷினில் பார்த்தாலும் அது அப்போதைய முடிவுக்கான பதில்தான். மெழுகில் பதித்துப் பார்க்கும் இறுதி ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகலாம், அதில் கேன்சரின் வகை மாறலாம், அபூர்வமாகக் கேன்சரா இல்லையா என்பதே மாறலாம். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "ஒண்ணும் இல்லையாம்" என்று போட்டுவிடாதீர்கள். அப்புறம், வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் எடுத்துப் போனால் போதாது. மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.