கர்ப்பிணிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

எட்டாம் மாதத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கேட்டால், "வயிறு நுரையீரலை அழுத்துது, அதான்" என்பார்கள். பாதி சரி. ஆனால் பல பெண்களுக்கு வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. அப்போது எது அழுத்துகிறது?

முக்கியக் காரணம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைத்தண்டு மூச்சை ஆழமாக்கும். கர்ப்ப காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரான் அதை இன்னும் உஷாராக்கிவிடுகிறது. வழக்கமாக 40 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு 30 வாக்கில் இறங்குகிறது. மூச்சின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று சுமார் 40 சதவீதம் கூடுகிறது. ஆக்சிஜன் தேவையோ ஏறத்தாழ 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆக, காற்று போதாமல் அல்ல, தேவைக்கு மேலேயே மூச்சு விடுவதால்தான் அவருக்கு இளைக்கிறது!

இது வீண் வேலை இல்லை. கருவின் கார்பன் டை ஆக்சைடு நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடம் வர, தாயின் ரத்தத்தில் அது குறைவாக இருக்க வேண்டும்.

சரி, வயிற்றின் பங்கு? வளரும் கருப்பை, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைச் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. அதற்கு ஈடாக விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து, மார்புச் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. கூடுகிறது. பழைய உள்ளாடையின் பட்டை விலாவில் பதிவது இதனாலும்தான். இதனால் இழுத்து மூச்சுவிடும் திறன் அநேகமாக அப்படியே இருக்கிறது. மூச்சை விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்றுதான் 20 சதவீதம் போலக் குறைகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் குறையும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தோ, ஒருக்களித்தோ படுத்தால் இதமாக இருக்கும்.

முதல் பிரசவத்தில் கடைசி சில வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியதும் மூச்சு லேசாகும். அப்புறம் சிறுநீர்ப்பை மாட்டிக்கொள்ளும், அது வேறு கதை.

எல்லா மூச்சுத்திணறலையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அதுவும் இளைப்பு தரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், உதடு நீலம்பாய்வது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.