பனிமலையில் ஒரு பணியாரச் சட்டி

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் மகள் அமெரிக்காவில், சியாட்டிலில் வேலை பார்க்கிறார். செப்டம்பர் முதல் வாரத்தில் எடுத்த படம். அரைக்கைச் சட்டையோடு நாலு பேர் ரெய்னியர் மலையில் ஏறுகிறார்கள். முதுகில் கூடாரம், பனிச்சறுக்குப் பலகைகள். காலடியில் இருக்கும் பனி வழுவழுப்பாக இல்லை; கண்ணுக்கு எட்டியவரை குழி குழியாக, பெரிய குழிப்பணியாரச் சட்டி மாதிரி இருக்கிறது. “இதை யார் தோண்டினார்கள்? இதில் எப்படிச் சறுக்குவார்கள்?” என்று கேட்டிருந்தார்.

கோடை முடிகிற நேரத்தில் அங்கே பனி ஏன் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெய்னியரின் உயரம் 4,392 மீட்டர். பசிபிக் கடலின் ஈரக்காற்று அதில் மோதி மேலேறிக் குளிர்ந்து, குளிர்காலம் முழுக்கப் பனியாகக் கொட்டுகிறது. மலையின் தெற்குப் பக்கத்தில் 1,650 மீட்டர் உயரத்தில் பாரடைஸ் என்ற இடம் இருக்கிறது. 1971-72 பருவத்தில் அங்கே விழுந்த பனியைக் கூட்டினால் 28.5 மீட்டர், ஒன்பது மாடி உயரம். அங்கிருந்து 3,100 மீட்டரில் இருக்கும் முயர் முகாம் வரை நீளும் சரிவில் கோடைக் கடைசியிலும் பனி கிடக்கும். பன்னிரண்டு மாதமும், மாதம் ஒரு தடவையாவது சறுக்கிவிட வேண்டும் என்று வைராக்கியம் வைத்திருக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இங்கே பலகையைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

சரி, குழிகளுக்கு வருவோம். தோண்டியது வெயில்.

தட்டையான பனிப்பரப்பில் வெயில் விழுந்தால் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. அது வானத்தை நோக்கிப் போய்விடுகிறது, பனிக்கு அதனால் ஒன்றும் இல்லை. இப்போது அந்தப் பரப்பில் தற்செயலாக ஒரு சின்னப் பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் ஒரு சுவர் திருப்பி அனுப்பும் ஒளி எதிர்ச்சுவரில் படுகிறது. அந்தச் சுவர் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு மீதியை மறுபடி இந்தப் பக்கம் அனுப்புகிறது. அடியில் இருக்கும் பனிக்கு நேர் வெயிலும் உண்டு, சுற்றுச் சுவர்கள் அனுப்பும் வெயிலும் உண்டு. அதனால் அது மற்ற இடங்களைவிட வேகமாக உருகுகிறது. உருகினால் பள்ளம் ஆழமாகும். ஆழமானால் இன்னும் அதிக ஒளி மாட்டும். பள்ளம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இரண்டு குழிகளுக்கு நடுவே நிற்கும் வரப்புக்கு இந்தப் பங்கு கிடைப்பதில்லை. அது திறந்த வானத்தைப் பார்த்து நிற்கிறது; தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழக்கிறது; வறண்ட காற்று பட்டு ஆவியாதலிலும் குளிர்கிறது. ஆகவே குழி தாழ, வரப்பு நின்றுவிடுகிறது.

அப்படியானால் விரல் நுனி அளவில் ஆயிரக்கணக்கான குழிகள் ஏன் வரவில்லை? ஒளி பனியின் மேற்தோலிலேயே நின்றுவிடுவதில்லை. சில சென்டிமீட்டர் உள்ளே போய்ப் பரவிக் கலங்குகிறது. அதைவிடச் சின்னப் பள்ளமும் மேடும் அந்தக் கலங்கலில் கரைந்துபோகின்றன. அதனால் பெரும்பாலும் ஒரு சாண் முதல் இரண்டு மூன்று சாண் வரை அகலமுள்ள குழிகளே நிலைக்கின்றன.

எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் தூசி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வரப்புகளின் மேல் கறுப்புக் கோடுகள் தெரியும், முழுப் பரப்பிலும் வலை விரித்ததுபோல. தூசி என்றால் பள்ளத்தில்தானே சேர வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழியின் சுவரில் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி உருக உருக அந்தச் சுவர் பின்வாங்குகிறது. பின்வாங்கும் திசை, சுவருக்குச் செங்குத்தான திசை. சுவர் சரிவாக இருப்பதால் அது நேர் கீழே இல்லை. கொஞ்சம் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில், குழியின் நடுவை விட்டு விலகும் திசை. ஒட்டியிருக்கும் தூசியும் சுவரோடு அப்படியே நகர்கிறது. பக்கத்துக் குழியின் தூசி எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. இரண்டும் வரப்பில் சந்திக்கின்றன. தூசியை யாரும் மேலே தூக்கவில்லை, அதைச் சுற்றியிருந்த பனிதான் போய்விட்டது! ஒரு தாளில் இரண்டு குழிகளின் வெட்டுமுகம் வரைந்து, செங்குத்துக் கோடுகள் போட்டுப் பாருங்கள்.

இந்தக் குழிகளுக்குத் தெளிந்த வெயில் வேண்டும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான பலத்த காற்றும் வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வரப்புதான் முதலில் உருகும், குழிகள் மழுங்கிவிடும்.

ஆண்டிஸ் மலையின் உயர்ந்த, வறண்ட பகுதிகளில் இதே கதை உச்சத்துக்குப் போகிறது. அங்கே வரப்பு உருகுவதே இல்லை. கற்பூரம் போல நேரடியாக ஆவியாகிறது. ஒரு கிலோ பனி உருக சுமார் 334 கிலோஜூல் போதும். இப்படி நேரடியாக ஆவியாக, அதாவது பதங்கமாக, 2,800 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், எட்டு மடங்குக்கும் அதிகம். ஈரம் தங்கும் குழியின் அடி மலிவாக உருகுகிறது, வறண்ட முனை விலை கொடுத்துத்தான் கரைகிறது. விளைவு, ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் பனிக் கத்திகள். வெள்ளை அங்கி போட்டுப் பாவத்துக்கு வருந்தி ஊர்வலம் போகிறவர்களை நினைவூட்டுவதால் ஸ்பானிய மொழியில் அவற்றுக்குப் பெனிடென்டெஸ் என்று பெயர். 1835-ல் டார்வின் இவற்றைக் கடந்து போனார். ஒரு பனித்தூணின் மேல் உறைந்த குதிரை ஒன்று பின்னங்கால்கள் வானத்தைப் பார்க்கக் கிடந்ததை எழுதியிருக்கிறார்.

2006-ல் ஆய்வாளர்கள் ஒரு குளிர்பெட்டிக்குள் விளக்கொளியைப் பாய்ச்சி இவற்றின் குட்டி வடிவங்களை வளர்த்துக் காட்டினார்கள். பனியில் குழி விழுவதை ஆராயப் பணமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2015-ல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவில் நூற்றுக்கணக்கான மீட்டர் உயர மீத்தேன் ஐஸ் கத்திகளைப் படம் எடுத்தபோது, அவற்றை விளக்க இந்தக் கணக்குதான் கைகொடுத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். குழி விழுந்த பனி மட்டமான பனியைவிட அதிக வெயிலை உறிஞ்சுகிறது. இமயமலைப் பனி எவ்வளவு வேகமாக உருகும் என்று கணிக்க இது தெரிய வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் 4,000 மீட்டருக்கு மேல் 2016-ல் ஹிமான்ஷ் ஆய்வு நிலையம் திறந்தார்கள். அப்படிப் பத்து நிலையங்களாவது வேண்டும், ஆண்டு தவறாமல் பணமும் வேண்டும் என்பது என் கருத்து.

படத்தின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டுகள் ரத்தமோ சாபமோ இல்லை. பனியில் வாழும் ஒரு பாசி, கடும் வெயிலிலிருந்து தன்னைக் காக்கச் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. 2001-ல் கேரளாவில் சிவப்பு மழை பெய்தபோது என்னென்ன வதந்திகள்! அங்கேயும் கடைசியில் பாசி வித்துகள்தான். பயப்படுவதற்கு முன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் போதும்.

எப்படிச் சறுக்குகிறார்கள்? நேரம் பார்த்து. தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதால், காற்று பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலும் மேல்தோல் உறைந்துவிடும். விடிகாலையில் வரப்புகள் கல் மாதிரி இருக்கும், பலகை தடதடத்து முழங்கால் நொந்துவிடும். அதனால்தான் மேலேயே கூடாரம் போட்டுத் தங்கி, நிதானமாகக் காபி போட்டுக் குடித்து, வெயில் ஏறும்வரை காத்திருக்கிறார்கள். பத்து பதினொரு மணிக்கு வரப்பின் தலை இளகி, பனி கல் உப்பைப் போலப் பரல் பரலாகிவிடும். அப்போது பலகை வரப்பைச் சீவிக்கொண்டே போகும்.

அப்புறம், கூடாரத்தைப் பற்றி ஒன்று. மூன்று நான்கு நாள் ஒரே இடத்தில் போட்டிருந்தால், சுற்றியுள்ள பனி வெயிலில் இறங்கிவிடும். கூடாரத்துக்கு அடியில் நிழலில் இருந்த பனி மட்டும் இறங்காது. கடைசி நாள் காலையில் அந்த ஆசிரியையின் மகள் கூடாரத்திலிருந்து இறங்க ஒரு படி வெட்டியிருப்பார்.