கஞ்சா புகைத்தவரின் கையில் ஸ்டீயரிங்

நேரான சாலையில் செல்லும் கார் உண்மையில் நேராகச் செல்வதில்லை. தன் தடத்துக்குள் இடமும் வலமுமாகச் சில சென்டிமீட்டர் விலகிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுபவரின் கண் அந்த விலகலைப் பிடிக்க, அவர் அறியாமலே கை ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்கிறது. போதைப்பொருள் ஓட்டும் திறனை எவ்வளவு பாதிக்கிறது என்று ஆராய்பவர்கள் முக்கியமாக அளப்பது இந்த அலைவைத்தான். மது அருந்தியவரின் வண்டியைப் போலவே கஞ்சா புகைத்தவரின் வண்டியும் தடத்துக்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாக அலைவது, சாலையைத் திரையில் காட்டி ஓட்டவைக்கும் சிமுலேட்டரிலும் உண்மைச் சாலையிலும் நடந்த சோதனைகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அதை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மூளையில் அது எதைப் பற்றிக்கொள்கிறது என்பது 1988-இல்தான் தெரியவந்தது. நரம்புச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் அந்தப் புரதத்துக்கு சி.பி.1 ஏற்பி என்று பெயர். இந்த ஏற்பி கஞ்சாவுக்காகக் காத்திருந்த ஒன்றல்ல. மூளை தானே சுரக்கும் சில பொருள்களுக்காக அது அங்கே இருக்கிறது. அவற்றுள் முதலாவது 1992-இல் கண்டறியப்பட்டபோது, ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஒரு நரம்புச் செல்லுக்கு வரும் சமிக்ஞைகள் மிகும்போது, அந்தச் செல் இவ்வகைப் பொருளைச் சுரந்து, அனுப்பும் செல்லை அடங்கச் செய்கிறது. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுரந்து, வேலை முடிந்ததும் சிதைந்துபோகும் நுட்பமான கட்டுப்பாடு அது. டி.எச்.சி.யோ ஏற்பி உள்ள இடமெல்லாம் ஒரே நேரத்தில் பரவி, மணிக்கணக்கில் அதே வேலையைச் செய்கிறது.

அந்த ஏற்பிகள் செறிந்திருக்கும் இடங்களைப் பார்த்தால் வண்டி ஏன் அலைகிறது என்பது விளங்கும். அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளை, சற்றுமுன் பார்த்ததை நினைவில் நிறுத்தும் ஹிப்போகாம்பஸ், கவனத்தைப் பகிர்ந்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி ஆகிய எல்லாம் வண்டி ஓட்டும்போது ஒருசேர உழைப்பவை. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மட்டும் இந்த ஏற்பிகள் குறைவு; கஞ்சா மிகுந்தாலும் மூச்சு நிற்பதில்லை என்பதற்கு அதுவே முக்கியக் காரணம். உயிருக்கு ஆபத்தில்லை என்று இதை வைத்துச் சொல்பவர்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது மூளைத்தண்டு அல்ல என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேர உணர்வும் பிசகுகிறது. கஞ்சாவின் போதையில் கழிந்த நேரம் உள்ளதைவிட நீண்டதாகத் தோன்றும். எதிரே வரும் லாரி நெருங்குவதற்குள் முந்திச் செல்ல முடியுமா என்ற கணக்கு முழுக்க இந்த உணர்வைச் சார்ந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக்கை மிதிக்க 0.3 நொடி தாமதித்தாலே 5 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். சாலையைக் கடக்கும் ஒருவர் தப்புவதற்கும் அடிபடுவதற்கும் அந்த 5 மீட்டர் போதும்.

கஞ்சா புகைத்தவர் தன் தடுமாற்றத்தைப் பெரும்பாலும் உணர்ந்து, வேகத்தைக் குறைத்து, முன்வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விடுகிறார். மது அருந்தியவரோ வேகத்தைக் கூட்டுகிறார். இந்த எச்சரிக்கை எதிர்பார்த்தபடி அமையும் சாலையில் ஓரளவு உதவும். எதிர்பாராத ஒன்று குறுக்கிடும்போது உதவாது. விபத்து வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் வேறுபடுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டுக் கணக்கீடு ஒன்று கிட்டத்தட்ட இரு மடங்கு என்றது. 2016-இல் வந்த மற்றொன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றது. மிகுதியாகக் குடித்தவருக்கு உள்ள ஆபத்தைவிட இது குறைவுதான். ஆனால் சிறிதளவு மதுவும் கஞ்சாவும் சேரும்போது, தனித்தனியே தாங்கக்கூடியவையாகத் தோன்றிய பாதிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன.

சட்டத்துக்கு இங்கே பெரிய சிக்கல் உண்டு. மது நீரில் கரைந்து உடலெங்கும் சீராகப் பரவுவதால், இரத்தத்தில் உள்ள அளவே மூளையின் நிலையையும் ஏறக்குறையச் சொல்லிவிடும். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. புகைத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சிறு பங்காகச் சரிந்துவிடுகிறது. போதையோ அப்போதும் நீடிக்கிறது. அன்றாடம் புகைப்பவரின் கொழுப்பில் தங்கியது நாள்கணக்கில் இரத்தத்துக்குள் மெல்லக் கசிவதால், தெளிந்த நிலையில் உள்ளவரும் சோதனையில் சிக்கலாம். 2018-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 2 நானோகிராமிலிருந்தே குற்றம் என்கிறது. ஜெர்மனி 2024-இல், இரத்த அணுக்களை நீக்கிய சீரத்தில் 3.5 நானோகிராம் என்று வரம்பை உயர்த்தியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 5 என்கிறது. ஒரே மூளைக்கு மூன்று எல்லைகள் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. பொருளின் இயல்பே அப்படி.

கஞ்சாவை உண்டவரின் நிலை இன்னும் ஏமாற்றுவது. வயிறும் கல்லீரலும் கடந்து மூளையை எட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும்; கல்லீரலில் அதன் ஒரு பகுதி, வீரியமிக்க வேறொரு பொருளாகவும் மாறுகிறது. ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி மேலும் கொஞ்சம் தின்றுவிட்டுப் புறப்படுபவருக்குப் போதை பாதி வழியில் ஏறும்.

அமெரிக்காவில் 191 பேரைப் புகைக்கச் செய்து சிமுலேட்டரில் ஓட்டவைத்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. புகைத்து ஒன்றரை மணி நேரம் ஆனபோது, டி.எச்.சி. உள்ள கஞ்சாவைப் புகைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இனி வண்டி ஓட்ட முடியும் என்றார்கள். அந்த நேரத்தில் அவர்களின் ஓட்டும் திறன் இன்னும் தேறியிருக்கவில்லை. நாலரை மணி நேரம் கழிந்த பின்புதான் அது வழக்கமான நிலையை ஒட்டி வந்தது.